கிறீன் வைத்தியரும் அவர்தம் மாணாக்கர் சென்ற வழிகளும்

கலஹாவிலிருந்து மலையிறங்கிக் கண்டி நகருக்குச் செல்லும் பேருந்து, தேயிலைச் சரிவுகளைக் கடந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நடுவே ஓடுகின்றது. அப்பல்கலைக்கழகத்தை ஊடறுத்துச் செல்லும் வீதிக்குக் கலஹா வீதி என்பதே பெயர். நம் ஊரின் பெயரைத் தாங்கிய வீதி, நாட்டின் தலையாய கலைக்கோயில்களுள் ஒன்றன் வாயிலாக அமைந்திருப்பது நமக்குப் பெருமையே. எனினும் அவ்வீதியால் நாள்தோறும் செல்லும் நம்மவருள் எத்தனைபேர் அங்கே இறங்குகின்றனர், எத்தனைபேர் இருந்தபடியே கடந்து போகின்றனர் என்ற எண்ணம், ஆசிரியனாய்ப் பணிபுரியும் எனக்கு அப்பேருந்தில் ஏறும்போதெல்லாம் உண்டாவதுண்டு.

இன்று நிலை ஓரளவு மாறியுள்ளது. உயர்தர வகுப்பில் விஞ்ஞானமும் கணிதமும் பயின்று, வைத்தியராயும் பொறியியலாளராயும் விஞ்ஞான ஆசிரியராயும் உயர்ந்த மலையகத்து மைந்தரைப் பற்றி நாம் கேள்வியுறுகின்றோம். பழைய மாணவர் கூடும் இந்த விழாவில், யார் யார் எங்கெங்கே இருக்கின்றனர் என்று வினவி மகிழ்வது இயல்பு. ஒருவர் கொழும்பில் என்பர். ஒருவர் இலண்டனில் என்பர். ஒருவர் அவுஸ்திரேலியாவில் என்பர். கேட்குந்தோறும் உள்ளம் குளிர்கின்றது. குளிர்ந்த அவ்வுள்ளத்தின் ஒரு மூலையிலே, இங்கே இருப்பவர் யார் என்ற வினாவும் மெல்லத் தலைதூக்குகின்றது. இவ்வினா புதியதன்று. ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்னர், யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே, மேலைநாட்டார் ஒருவர் இதே வினாவை எழுப்பி, அதற்கு விடைகாண்பதிலே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். அவரே வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார். அன்னாரது வரலாற்றை நம் மாணவரும் பழைய மாணவரும் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

கிறீன் அவர்கள் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 10ஆந் திகதி, வட அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில், கிறீன் ஹில் என்னும் தம் முன்னோர் இல்லத்திலே பிறந்தார். அவர் குடும்பம் வைத்தியத்துக்கும் சமயப் பணிக்கும் பெயர்பெற்றது. அவர்தம் தமையனாருள் ஒருவராகிய அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன், பிற்காலத்தில் நியூயோர்க் மாநகரை இன்றைய வடிவில் ஒன்றாக்கிய பெரியார் என வரலாற்றில் இடம்பெற்றவர். தம்பியார் மருத்துவக் கல்வியை நாடி, நியூயோர்க்கிலுள்ள வைத்தியர், சத்திரவைத்தியர் கல்லூரியில் பயின்று, 1845ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அந்நகரிலேயே தொழில் நடத்தியிருப்பின் பொருளும் புகழும் எளிதில் வந்து சேர்ந்திருக்கும். அவரோ அமெரிக்க மிஷன் சபையாரின் பணியை ஏற்று, 1847இல் கப்பலேறி, அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் யாழ்ப்பாணத்தை அடைந்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து.

ஈண்டு ஓர் ஒற்றுமை குறிப்பிடத்தக்கது. கிறீன் பிறந்த அதே 1822ஆம் ஆண்டிலே, நல்லூரில், ஆறுமுக நாவலர் அவர்கள் தோன்றினார்கள். கிறீன் மானிப்பாயில் தம் மருத்துவப் பணியைத் தொடங்கிய 1848ஆம் ஆண்டிலேயே, நாவலர் அவர்கள் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்கள். ஒருவர் கிறித்தவ சமயத்தைப் பரப்ப வந்தவர். மற்றவர் அம்முயற்சியை எதிர்த்துச் சைவத்தைக் காத்தவர். இருவர் நோக்கும் வெவ்வேறு, ஒன்றுக்கொன்று மாறுபட்டதுங்கூட. எனினும், தமிழ் மக்களுக்குக் கல்வியைத் தமிழிலே கொடுத்தல் வேண்டும் என்பதில் அவ்விருவரும் ஒருமுகப்பட்டு நின்றனர் என்பது வரலாறு நமக்குக் காட்டும் வியப்பாகும். நாவலரைத் தலைமேற்கொள்ளும் நாம், கிறீனின் சமய நோக்கத்தை ஏற்காமலே, அவர் தமிழுக்குச் செய்த தொண்டை நன்றியுடன் போற்றலாம், போற்றவும் வேண்டும்.

அவர் வந்தபோது யாழ்ப்பாணத்திலே கல்வி நிலை எவ்வாறு இருந்தது என்பதை அறிதல் அவசியம். வட்டுக்கோட்டையில் 1823ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனாரால் தொடங்கப்பெற்ற செமினரி என்னும் உயர்கலாசாலை அந்நாளிற் புகழின் உச்சியில் இருந்தது. வெறும் சமயக் கல்வியோடு அமையாது, கணிதமும் வானசாத்திரமும் இயற்கை விஞ்ஞானமும் அங்கே ஆங்கிலத்தில் ஆழமாகப் போதிக்கப்பட்டன. ஆசிய நாடுகளிலேயே அதற்கு நிகரானவை அக்காலத்தில் மிகச் சிலவே. அங்கே பயின்றவருள் ஒருவரே சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகி, பின்னர் நீதிபதியாக விளங்கி, செல்லரித்துக்கொண்டிருந்த பழந்தமிழ் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்த அப்பெருந்தகையை அறியாத தமிழ் மாணவர் இலர். கணிதம் பயின்ற மூளை ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்குதற்கு எவ்வளவு பயன்பட்டது என்பதற்கு அவர்தம் பதிப்புகளே சான்று.

இத்துணைச் சிறந்த கலாசாலை 1855ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அது தன் மாணாக்கரின் வெற்றியினாலேயே மூடப்பட்டது என்றால் மிகையாகாது. ஆங்கிலமும் விஞ்ஞானமும் கற்றுத் தேறிய இளைஞர்கள் அரசாங்க உத்தியோகங்களையும், பிற மாகாணங்களிலும் இந்தியாவிலும் கிடைத்த பதவிகளையும் நாடிச் சென்றனர். கிராமங்களிற் பணிசெய்வாரை உருவாக்கவே பணம் செலவிட்டதாக எண்ணிய மிஷன் தலைமையகத்தாருக்கு இது மனநிறைவு தரவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழு, ஆங்கிலக் கல்வியே இதற்குக் காரணம் எனத் தீர்மானித்துக் கலாசாலையின் கதவை அடைத்தது. படித்தவர் ஊரைவிட்டுப் போகின்றனர் என்பதற்காகப் படிப்பையே நிறுத்துதல், மரம் காய்த்துக் கனி வெளியூர்ச் சந்தைக்குப் போகின்றது என்று மரத்தை வெட்டுவதை ஒக்கும். எனினும் அவர்கள் கண்ட நோய் மெய்யான நோயே. கொடுத்த மருந்துதான் பிழை. அதே நோயை உடனிருந்து கண்ட கிறீன், வேறு மருந்தொன்றைத் தேடினார்.

இனி அவர்தம் பணியைக் காண்போம். யாழ்ப்பாணம் சேர்ந்த கிறீன், 1848ஆம் ஆண்டில் மானிப்பாயைத் தம் இருப்பிடமாக்கி, அங்கே நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். நாள்தோறும் கூட்டம் பெருகிற்று. தனியொருவர் கையால் அத்தனை பேருக்கும் வைத்தியம் செய்தல் இயலாது. ஆகவே, செமினரியிற் கற்ற இளைஞர் சிலரைச் சேர்த்து, மருத்துவ வகுப்பொன்றை நடத்தலானார். காலையில் நோயாளரைப் பார்த்தல், மருந்து கூட்டுதல், புண் கட்டுதல். பின்னர் நூற்பாடம் கேட்டல். கண்ணால் கண்டதையே காதால் கேட்பதும், காதால் கேட்டதையே கையால் செய்வதுமாக அவர் கற்பித்தார். கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870ஆம் ஆண்டில்தான் தொடங்கப்பெற்றது. அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்னரே, ஈழத்தின் வடகோடிக் கிராமமொன்றில் மேலைமருத்துவம் முறையாகக் கற்பிக்கப்பட்டது என்பது எண்ணி மகிழத்தக்கது.

முதலில் வகுப்பு ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. தேறிய மாணாக்கர் நல்ல வைத்தியர்களாயினர். அரசாங்கம் அவர்களை விரும்பி ஏற்றது. பலர் அரசாங்க மருத்துவ சேவையில் அமர்ந்து ஊர்விட்டு ஊர் சென்றனர். சம்பளமும் மதிப்பும் பெற்றனர். அக்காலத்தில் ஆங்கிலமும் மருத்துவமும் ஒருங்கே அறிந்த இளைஞனுக்கு எங்கும் வரவேற்பு இருந்தது. ஆசிரியர் என்ற முறையிற் கிறீன் இதனைக் கண்டு மகிழ்ந்திருப்பார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவருடைய கண் மற்றொரு பக்கத்தையும் நோக்கிற்று. ஒரு பயிர் நன்றாக விளைகின்றது. விளைந்ததெல்லாம் வண்டியேறிப் போகின்றது. பயிரிட்ட ஊரிலோ பசி தீரவில்லை. வாந்திபேதி வந்தால் கிராமத்து மக்கள் ஈசல்போல மடிந்தனர். பேற்று வேளையில் தாய்மார் இறப்பது அன்றாட நிகழ்ச்சியாயிருந்தது. அவர்கள் வாயிலில் நின்று வைத்தியம் செய்யப் போதிய வைத்தியர் இலர்.

இதற்குக் கிறீன் கண்ட காரணம் மொழி. ஆங்கிலத்திற் கற்ற மாணவன், ஆங்கிலம் வழங்கும் இடத்தையே தன் இடமாகக் கருதுகின்றான். அவன் உடையும் உணவும் பேச்சும் மாறுகின்றன. பெற்ற தாயின் மொழி அவனுக்கு வேலைக்காரரோடு பேசும் மொழியாகிவிடுகின்றது என்று அவர் கருதினார். தமிழர் தமிழராகவே இருக்கவேண்டும், அவர்தம் பெயரும் உடையும் வழக்கமும் அவர்களுக்கே உரியனவாய் நிலைக்கவேண்டும் என்பதில் அவர் உறுதியாயிருந்தார். பிற நாட்டிலிருந்து சமயம் பரப்ப வந்த ஒருவர் இவ்வாறு எண்ணியது அரிதினும் அரிது. மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தால், கற்றவன் தமிழ் வழங்கும் ஊரிலேயே நிலைப்பான் என்பது அவர் கண்ட வழி.

ஆனால் அவ்வழியிலே ஒரு பெருந்தடை இருந்தது. மேலைமருத்துவத்தை விளக்கும் நூல் தமிழில் ஒன்றேனும் இல்லை. யாழ்ப்பாணத்து அரசர் காலத்துச் செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்கள் நம்மிடம் இருந்தன. அவை நம் பழைய மருத்துவ மரபின் செல்வங்கள். எனினும் புதிய உடற்கூற்றியலும் இரசாயனமும் அவற்றுள் அடங்கா. நூல் இல்லையென்றால் ஆக்குவேன் என்று கிறீன் முனைந்தார். வந்த சில ஆண்டுகளிலேயே தமிழைக் கற்றுத் தேர்ந்து, உடற்கூறு, உடற்றொழில், உடல்நலம் ஆகியவற்றைக் கூறும் கற்றர் என்பாரின் நூலைத் தமிழாக்கத் தொடங்கினார். 1857இல் மோன்செல் என்பாரின் பிரசவ வைத்திய நூல் தமிழில் வெளிவந்தது. தாய்மார் உயிரைக் காக்கும் நூலை முற்பட வெளியிட்டது அவர்தம் உள்ளத்தைக் காட்டுகின்றது.

பத்தாண்டு இடையறாது உழைத்தபின், ஓய்வின் பொருட்டு அவர் தாயகம் சென்றார். 1862ஆம் ஆண்டில் மார்கரட் என்னும் அம்மையாரை மணந்து, அவ்வாண்டிலேயே அவரோடு யாழ்ப்பாணம் மீண்டார். 1864ஆம் ஆண்டளவில், தாம் நெடுநாள் எண்ணியிருந்ததைச் செயலாக்கினார். மருத்துவ வகுப்பு அதுமுதல் தமிழில் நடைபெறலாயிற்று. இதனை எல்லோரும் வரவேற்றனர் என எண்ணவேண்டா. ஆங்கிலம் கற்றால் உத்தியோகம். தமிழ் கற்றால் என்ன கிடைக்கும் என்ற கேள்வி அக்காலத்துப் பெற்றோரிடமும் இருந்தது. இன்றைக்கும் அது மாறவில்லை என்பதைத் தமிழாசிரியனாகிய நான் சொல்லவும் வேண்டுமோ! கிறீன் பின்வாங்கவில்லை. நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. 1867இல் இரண வைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், 1875இல் கெமிஸ்தம். இவற்றுள் மனுஷ அங்காதிபாதம், ஹென்றி கிறே என்பார் 1858இல் இலண்டனில் வெளியிட்ட புகழ்பெற்ற உடற்கூற்றியல் நூலின் தமிழாக்கம். இன்றும் உலகெங்கும் மருத்துவ மாணவர் கையிலுள்ள அந்நூல், தோன்றிய 14 ஆண்டுகளில் தமிழ் பேசிற்று. அவர் ஆக்கியும் ஆக்குவித்தும் வெளியிட்ட தமிழ் மருத்துவ ஏடுகள் 4000 பக்கங்களுக்கு மேற்பட்டன.

இந்நூல்களின் பெயர்களைச் சற்று நோக்குவோம். தமிழாசிரியனுக்கு இவ்விடத்தைக் கடந்துபோக மனம் வராது. அங்காதிபாதம் என்பது அவர் புதிதாகப் படைத்த சொல்லன்று. நம் வைத்திய மரபில் வழங்கிய சொல். இரண வைத்தியமும் அத்தகையதே. புண்ணுக்கு மருந்திடுவாரை இரணவைத்தியர் என்பது நம் வழக்கு. கெமிஸ்தம் என்பதோ ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் ஈறு கொடுத்து ஆக்கியது. இம்மூன்றிலுமே அவர்தம் சொல்லாக்க முறை விளங்குகின்றது. முதலில் தமிழ் வழக்கிலே சொல் உண்டோ எனத் தேடுக. இன்றேல் வடமொழியிலே தேடுக. அங்கும் கிட்டாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்பத் திருத்தி எடுத்துக்கொள்க என்பதே அம்முறை. சொற்களைத் தொகுத்து அகராதிகளாகவும் அச்சிட்டார். ஒரு நூலில் ஒரு சொல்லும் மறுநூலில் வேறு சொல்லும் வழங்கினால் மாணவன் தடுமாறுவான் என்பதை அறிந்தவர் அவர். நோயாளிக்கும் வைத்தியனுக்கும் இடையில் ஒரு சொல் பிழைத்தால் ஓர் உயிர் பிழைக்காமற் போகலாம் அன்றோ!

இதனைக் கூறும்போது என் சொந்த வாழ்விலிருந்து ஒன்றைக் குறிப்பிட அன்பர்கள் பொறுத்தருள்க. நான் ஆறாம் வகுப்பிற் பயின்ற காலம். கொழுந்து பறிக்கும் தொழில் செய்த என் தாயார், ஒருநாள் மலையிலிருந்து இடையிலே திரும்பிவந்து படுத்துவிட்டார். அடுத்தநாள் வைத்தியசாலையொன்றுக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. தாயாருக்குத் தமிழன்றி வேறு தெரியாது. பாடசாலையிற் சிறிது சிங்களம் படித்த சிறுவனாகிய நானே மொழிபெயர்ப்பாளனானேன். தாயார் சொன்னது நெஞ்சு அடைப்பதைப் பற்றி. அடைப்பதற்கு எனக்குச் சொல் தெரியவில்லை. வலி என்று மட்டும் சொன்னேன். எங்கே என்பதற்கு வயிற்றுக்கு மேலே என்று கையைக் காட்டினேன். வயிற்று வலிக்குரிய மருந்தைத் தந்து அனுப்பினார்கள். தாயார் பின்னர் வேறோரிடத்திற் சரியான மருந்து பெற்றுப் பல ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது இறைவன் அருள். அவ்வைத்தியர்மீது எனக்குக் குறையில்லை; அவர் தமக்குச் சொல்லப்பட்டதற்கே மருந்து தந்தார். ஆயினும் அன்று என் வாயில் வராத அந்த ஒரு சொல் இன்றுவரை என்னை விட்டு நீங்கவில்லை. கிறீன் அவர்கள் சொல் தேடி உழைத்த உழைப்பின் அருமையை நூல்களைப் படித்து அறிவதற்கு முன்னரே அன்று நான் அறிந்துகொண்டேன்.

மீண்டும் வரலாற்றுக்கு வருவோம். கிறீன் உருவாக்கிய வைத்தியர் 60 பேருக்கு மேற்பட்டவர். அவர்கள் சென்ற வழிகள் பல. முதல் வழி, அரசாங்க சேவை. யாழ்ப்பாணத்து வைத்தியசாலையிலும் பிற இடங்களிலும் அமர்ந்து நாட்டின் மருத்துவ சேவைக்கு அடித்தளம் இட்டவருள் அவர்கள் இருந்தனர். இரண்டாவது, கிராம வைத்தியம். தமிழிற் கற்றவருட் பலர், ஆசிரியர் எதிர்பார்த்தபடியே, ஊர்களிலே தங்கி மக்களோடு வாழ்ந்து வைத்தியம் செய்தனர். மூன்றாவது, கற்பித்தல். நான்காவது, நூலாக்கம். டான்போர்த், சாப்மன் முதலிய மாணாக்கர் ஆசிரியரோடு அருகிருந்து நூல்களை மொழிபெயர்க்கவும் திருத்தவும் துணைநின்றனர். ஆசிரியர் பெயர் பெரிதாய் விளங்குதலால் இம்மாணாக்கரின் பெயர்கள் மங்கிவிட்டன. மேலைமருத்துவம் தமிழ் நடையில் இயல்பாக நடந்ததற்கு, தாய்மொழி தமிழாகவுள்ள இவர்களின் செவியே உறுதுணையாயிருந்தது என்பதை மறத்தலாகாது.

1866, 1867ஆம் ஆண்டுகளில் வாந்திபேதி யாழ்ப்பாணத்தைக் கடுமையாகத் தாக்கிற்று. கிறீனும் அவர் மாணாக்கரும் ஊர் ஊராகச் சென்று மருந்தளித்தனர். நோய் வராமற் காக்கும் முறைகளைத் தமிழில் அச்சிட்டு வழங்கினர். தமிழிற் கற்றவர் இருந்தமையாலன்றோ தமிழில் எடுத்துச்சொல்ல இயன்றது! அதே 1867ஆம் ஆண்டிலேதான், நம் கலஹாவுக்கு அணித்தான லூல்கந்துரையில், ஜேம்ஸ் டெயிலர் என்பார் 19 ஏக்கரில் தேயிலையை நட்டு, இத்தீவின் தேயிலைத் தொழிலைத் தொடக்கினார். அதற்கு முன்பிருந்தே கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே கால்நடையாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தனர். அவ்வழியிலே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானோர் எண்ணற்றோர். வடக்கிலே தமிழில் மருத்துவம் கற்பிக்கப்பட்ட அதே காலத்தில், மருத்துவமும் கல்வியும் எட்டாத நிலையிலே நம்மவர் மலையேறினர். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு போதும் என எண்ணிய காலம் நெடிது நீடித்தது. 1945இல் இலவசக் கல்வி நாடெங்கும் வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் முழுப்பயனைப் பெறவில்லை. அவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970ஆம் ஆண்டுகளிலேதான். ஆகவே, விஞ்ஞானக் கல்வி என்பது நமக்கு மிகப் பிந்திக் கிடைத்த செல்வம். பிந்திக் கிடைத்ததைச் சிந்தவிடாமற் காத்தல் வேண்டும்.

கிறீன் அவர்கள் உடல் தளர்ந்து 1873ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டார். மீண்டும் வர எண்ணினும் இயலவில்லை. தாம் பிறந்த இல்லத்திலே வாழ்ந்துகொண்டே தமிழ்ப் பணியைத் தொடர்ந்தார். கையெழுத்துப் பிரதிகளும் அச்சுத்தாள்களும் கடல் கடந்து அவருக்கும் மானிப்பாய் மாணாக்கருக்கும் இடையே போய்வந்தன. பனிபொழியும் வூஸ்ரரிலே, தமிழ் பேசுவார் ஒருவரும் இல்லாத ஊரிலே, ஒருவர் தமிழ்ச் சொல்லொன்றைச் சரியோ பிழையோ என ஆராய்ந்துகொண்டிருந்த காட்சியை மனக்கண்ணால் காணுங்கள். மனுஷ சுகரணம் என்னும் உடற்றொழில் நூல் 1883இல் வெளிவந்தது. 1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆந் திகதி அவர் உலக வாழ்வை நீத்தார். தமிழருக்கு வைத்தியப் பணி செய்தவர் என்ற குறிப்புடன் அவருடைய கல்லறைக் கல் அந்நகரில் இருக்கின்றது. மானிப்பாயில் அவர் பெயரால் விளங்கும் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை நம் நாட்டில் அவருக்கு அமைந்த நினைவுச் சின்னம்.

அவர் கண்ட கனவு முழுதும் நிறைவேறிற்றா எனின், இல்லை என்றே கூறவேண்டும். அவர் சென்றபின் தமிழ் மருத்துவ வகுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. கொழும்பிலே அரசாங்க ஆதரவோடு ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பிக்கப்பட்டமையால், தமிழிற் கற்றோரின் மதிப்புக் குறைந்தது. அரும்பாடுபட்டு ஆக்கிய நூல்கள் நூல்நிலையத்து அடுக்குகளிலே தங்கிவிட்டன. ஆயினும் விதை அழியவில்லை. 1920ஆம் ஆண்டில் அதே மானிப்பாயின் இந்துக் கல்லூரிக்குத் தலைமையாசிரியராய் வந்தவர், விஞ்ஞானப் பட்டதாரியும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதருமாகிய மயில்வாகனனார். பின்னர் விபுலாநந்த அடிகள் எனத் துறவுபூண்ட அவரே, 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். விஞ்ஞானம் பயின்றவர் சென்ற வழி யாழ் நூலிலும் முடியலாம் என்பதற்கு அடிகளார் வாழ்வு எடுத்துக்காட்டு. இன்று நம் மாணவர் உயிரியலும் பௌதிகமும் இரசாயனமும் தமிழிலேயே கற்றுப் பரீட்சை எழுதுகின்றனர். விஞ்ஞானம் தமிழுக்கு அடங்கும் என்பதை முதன்முதற் செய்துகாட்டிய பெருமை கிறீனையும் அவர் மாணாக்கரையுமே சாரும்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? வெளியே சென்றவரைக் குறைகூறுதல் அன்று. செமினரியை மூடியவர் செய்த பிழையை நாமும் செய்யலாகாது. தாமோதரம்பிள்ளை வெளியே செல்லாதிருப்பின் தமிழுக்குக் கிடைக்கவிருந்த நட்டம் எத்துணை! லயத்து அறையிலே மண்ணெண்ணெய் விளக்கொளியிற் படித்த பிள்ளை, உலகத்தின் எம்மூலையில் உயர்ந்தாலும் அவ்வுயர்வு அவனுக்கு உரியது. அவனைப் பெற்றவர்க்கும் உரியது. மழையிலும் அட்டைக் கடியிலும் கொழுந்து பறித்து அவனைப் படிப்பித்த தாய், அவன் மீண்டும் அம்மலைக்கே வரவேண்டும் என்று விரும்பமாட்டாள். ஆனால், போனவன் தன் மொழியையும் போன இடத்துக்குக் கொண்டுசெல்கின்றானா, விட்டுவந்த வகுப்பறையை நினைக்கின்றானா என்பதே கிறீன் நமக்கு விட்டுச்சென்ற வினா.

மலையகத்துப் பாடசாலைகளில் விஞ்ஞான, கணித ஆசிரியர் பற்றாக்குறை நெடுநாளாக இருந்துவரும் குறை. பரிசோதனைச் சாலை இருக்கும். பரிசோதிக்கக் கற்பிப்பார் இரார். பழைய மாணவராகிய அன்பர்களே! கட்டிடத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் நீங்கள் அளிக்கும் நன்கொடை போற்றற்குரியது. அதனோடு இன்னொன்றையும் வேண்டுகின்றேன். கண்டியிலும் பேராதனையிலும் இருப்பவர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்து ஒரு பாடம் நடத்துங்கள். கடல்கடந்து இருப்பவர், கிறீன் அமெரிக்காவிலிருந்து அச்சுத்தாள் திருத்தியதுபோல, ஒரு மாணவனின் விடைத்தாளைத் திருத்தி அனுப்புங்கள். அதற்கு இன்று கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வைத்தியராயிருப்பவர், உங்கள்முன் வந்து அமரும் தாயின் சொல்லைக் கேளுங்கள். அது உங்கள் தாயின் சொல்.

மாணவச் செல்வங்களே! விஞ்ஞான வகுப்பிலே சேர்ந்தபின் தமிழ்ப் பாடம் எதற்கு என்று உங்களுட் சிலர் எண்ணுவது என் காதில் விழாமல் இல்லை. ஆங்கிலம் கற்றுக்கொள்ளுங்கள், சிங்களமும் கற்றுக்கொள்ளுங்கள், மொழி எதுவும் உங்களுக்குப் பகையன்று. நெஞ்சு அடைப்பதற்கு மும்மொழியிலும் சொல் அறிந்த வைத்தியர் ஒருவர் நம்மிடையே இருந்து உருவாவாராயின், என் வகுப்பறை உழைப்புக்கு அதுவே போதிய ஊதியம். கலஹா வீதி பல்கலைக்கழகத்தின் வழியே செல்கின்றது. அங்கே இறங்குங்கள், படித்து முடியுங்கள். அவ்வீதியிலே பேருந்து இருபுறமும் ஓடுகின்றது என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.